நெல்லைத் தெருவில் பலியான நான்கு உயிர்கள்! கப்பலோட்டிய வ.உ.சி.யின் கதை

கோவில்பட்டியில் இருந்து தெற்கே ரெயிலில் போனால் கடம்பூர் வரும். போளிக்குப் பேர்போன ஊர். அதைத் தாண்டினால் மணியாச்சி. சுற்றிலும் கரிசல் காடு. பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் மானாவாரி பூமி.

கடம்பூருக்குத் தென்கிழக்கே ஒட்டப்பிடாரம் என்ற ஊர் இருக்கிறது. அங்கேதான் 1872-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி சிதம்பரம் பிள்ளை பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை, வக்கீல். தாயார் பரமாயி அம்மாள். மகனும் படித்து வக்கீல் ஆனார்.

வக்கீல் தொழிலோடு நின்றிருந்தால் அவர் செல்வந்தராக வாழ்ந்திருப்பார். ஆனால், அவருடைய பார்வை கடல்மீது விழுந்தது.

சொந்தக் கப்பல்

அந்தக் காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரர்களின் கப்பல்தான் ஓடியது. அவர்கள் வைத்ததே கட்டணம். இதை மாற்ற நினைத்தார், சிதம்பரனார். 1906-ம் ஆண்டு அக்டோபர் மாதம் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கின் விலை 25 ரூபாய்.

ஊர் ஊராகப் போய்ப் பங்கு சேர்த்தார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. தூத்துக்குடி மக்கள் கடற்கரையில் கூடி மகிழ்ந்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைத் தாறுமாறாகக் குறைத்துப் போட்டிக்கு நின்றது.

ஆலைத் தொழிலாளர் பக்கம்

தூத்துக்குடியில் கோரல் மில் என்ற பஞ்சாலை இருந்தது. முதலாளிகள் வெள்ளைக்காரர்கள். தொழிலாளர்களுக்கோ குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம். வாரத்தில் ஒரு நாள் விடுமுறைகூட கிடையாது.

1908-ம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். வேலை இழந்து நின்றவர்களுக்குச் சாப்பாட்டுக்கு வழி செய்தார்கள். சில நாட்களில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது. விடுமுறையும் கிடைத்தது.

கப்பல் ஓட்டியதை அரசாங்கம் பொறுத்துக் கொண்டாலும் கொள்ளும். ஏழைத் தொழிலாளியும் வக்கீலும் ஒன்று சேர்ந்ததை அதனால் பொறுக்க முடியவில்லை!

மார்ச் 13

வங்கத் தலைவர் விபின் சந்திர பாலர் அப்போது சிறையில் இருந்து விடுதலை ஆனார். அதைக் கொண்டாட மார்ச் 9-ந் தேதி கூட்டமும் ஊர்வலமும் நடந்தன. அதிகாரிகள் வேண்டாம் என்று தடுத்தும், வ.உ.சி. பின்வாங்கவில்லை.

கலெக்டர் விஞ்ச், வ.உ.சி.யைத் திருநெல்வேலிக்கு அழைத்தார். 12-ந் தேதி வ.உ.சி., சிவா, பத்மநாப அய்யங்கார் ஆகிய மூவரும் கைதானார்கள்.

மறுநாள் விடிந்தது. நெல்லையில் கடைகள் திறக்கவில்லை. மாணவர்கள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகவில்லை. மக்கள் கூட்டம் கூட்டமாகத் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுடைய கோபம் எல்லை மீறியது. நகராட்சி அலுவலகம், தபால் ஆபீஸ், போலீஸ் நிலையம் ஆகியவை தாக்கப்பட்டன. மண்எண்ணெய்க் கிடங்கு தீப்பற்றி எரிந்தது.

போலீசார் துப்பாக்கியைத் தூக்கினார்கள். கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். நான்கு பேர் குண்டு பாய்ந்து இறந்தார்கள். பலர் காயம் அடைந்தார்கள்.

தூத்துக்குடியிலும் கதவடைப்பு. ஆலைத் தொழிலாளர்கள் மறுபடியும் வேலைக்குப் போகவில்லை. இந்தத் தடவை கூலிக்காக அல்ல. தங்களுக்காகப் பேசிய மனிதருக்காக! வண்டிக்காரர்களும் சவரத் தொழிலாளர்களும்கூட அவர்களோடு சேர்ந்து கொண்டார்கள்.

தண்டப் போலீஸ்

சூடு பட்டதோடு மக்களின் துன்பம் தீரவில்லை. திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் கூடுதல் போலீஸ் படை வந்து இறங்கியது. அதற்குத் தண்டப் போலீஸ் என்று பெயர். அந்தப் படைக்கு ஆகும் செலவு யார் தலையில் விழுந்தது தெரியுமா? ஊர் மக்களின் தலையில்தான்!

கலகத்தில் கலந்து கொண்டவர், கலந்து கொள்ளாதவர் என்ற வேறுபாடு இல்லை. ஊரார் வரி கட்டவேண்டும். தங்களை அடக்க வந்த படைக்குத் தாங்களே படி அளக்கவேண்டும். அன்னிய ஆட்சியில் போலீஸ் என்பது மக்களின் காவலாக இல்லை. மக்கள்மீது ஏவிய பட்டாளமாகவே இருந்தது.

நாற்பது ஆண்டு

துப்பாக்கிச் சூடு நடந்தபோது வ.உ.சி. காவலில் இருந்தார். அவர் கல் எடுக்கவில்லை, தீ வைக்கவில்லை. அவர்மீது சாட்டிய குற்றம், அவர் பேசிய பேச்சு.

1908-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புக் கூறினார். ராஜத்துரோகத்துக்கு ஒரு ஆயுள் தண்டனை. சிவாவுக்கு உதவியதற்காக இன்னொரு ஆயுள் தண்டனை. மொத்தம் 40 ஆண்டு! செய்தி கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கிவிட்டது.

அப்பீலில் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது. கோவைச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அந்த வக்கீல் இழுத்தார். பிறகு கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார்.

இதற்கிடையே, தூத்துக்குடியில் அடக்குமுறை நடத்திய ஆஷ் துரை நெல்லைக் கலெக்டர் ஆனார். 1911-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ரெயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் அவரைச் சுட்டுக் கொன்றார். தானும் சுட்டுக்கொண்டு மடிந்தார். நெல்லைத் தெருவில் வெடித்த துப்பாக்கி மூன்று ஆண்டு கழித்தும் ஓயவில்லை.

கோவில்பட்டி வக்கீல்

1912-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி வ.உ.சி. விடுதலை ஆனார். கம்பெனி கலைந்து போயிருந்தது. கப்பலும் கைமாறி இருந்தது. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் அரிசியும் நெய்யும் விற்றுப் பிழைத்தார். அந்த வறுமையிலும் தமிழ் நூல்களைப் பதிப்பித்தார், புத்தகங்கள் எழுதினார்.

வாலேஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி முயன்று, சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். அந்த நன்றியை மறக்காமல், தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார், வ.உ.சி. வெள்ளையர் ஆட்சியை அவர் எதிர்த்தார். வெள்ளை மனிதரை வெறுக்கவில்லை.

அதன்பின் கோவில்பட்டியில் குடியேறி வக்கீல் தொழில் செய்தார். 1932-ல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். 1936-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி அங்கேயே காலமானார்.

இன்று தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே தூத்துக்குடியில், 2018-ம் ஆண்டு மே மாதம், ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது போலீசார் சுட்டதில் 13 பேர் மாண்டார்கள். அப்போது நடந்தது அன்னியர் ஆட்சி அல்ல, நம்முடைய ஆட்சி. எனவே விசாரணைக் கமிஷன் அமைந்தது. அறிக்கையும் சட்டசபைக்கு வந்தது. 1908-ல் நெல்லை மக்களுக்கு அந்த வழிகூட இல்லை.

சிதம்பரனாருக்குச் சிலை இருக்கிறது. அவர் இழுத்த செக்கு சென்னையில் காட்சிக்கு இருக்கிறது. அவருக்காகத் தெருவில் இறங்கிக் குண்டுக்கு இரையான அந்த நால்வரின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? அவர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அந்த நால்வரையும் சேர்த்தே சொல்லுங்கள்.