படிகத்துள் வழி கண்ட பெருமகன் ஃபெலிக்ஸ் பிளாக்

தமிழ்த்துறை மலரில் இயற்பியலார் ஒருவருக்கு என்ன இடம் என வினவுவோர் இருக்கலாம். யாப்பு கற்பார்க்கும் அணுவை ஆய்வார்க்கும் ஒழுங்கைத் தேடுவதே தொழில். எனவே ஃபெலிக்ஸ் பிளாக்கின் வாழ்வை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் 1905ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். 1924இல் பொறியியல் பயிலச் சேர்ந்தவர், ஓராண்டிலேயே இயற்பியலுக்கு மாறினார். 1927இல் ஜெர்மனியின் லைப்சிக் நகர் சென்று ஐசன்பர்க்கின் மாணாக்கரானார்.

அந்நாளில் அறிஞரை வருத்திய புதிர் ஒன்றிருந்தது. உலோகத்துள் அணுக்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றினூடே எலெக்ட்ரான் நெடுந்தொலைவு செல்வது எங்ஙனம்? 1928இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் பிளாக் விடை கண்டார். பாயில் நெய்த பூவேலைபோலப் படிகத்தில் அணுக்கள் சம இடைவெளியில் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஓர் இடைவெளி நகர்ந்து நோக்கினும் நிலையாற்றல் மாறுவதில்லை. இச்சமச்சீர்மை எலெக்ட்ரானின் அலைச்சார்பையும் கட்டுப்படுத்துகிறது. ஓரிடைவெளி கடக்கையில் அலையின் கட்டம் மட்டுமே மாறும், வலிமை மாறாது. ஆகவே கோடானுகோடி அணுக்களையும் ஒருங்கே கணக்கிட வேண்டுவதில்லை. ஒவ்வொரு கட்ட மாற்றத்திற்கும் ஓர் அலகறைக்குள் தீர்வு கண்டால் போதும். படிகம் முழுமைக்குமான குவாண்டம் நிலைகள் கிட்டிவிடும்.

குறையும் அசைவும் அற்ற படிகத்தில் எலெக்ட்ரானுக்குத் தடையில்லை. அணுக்கள் வெப்பத்தால் அதிர்வதும், மாசு முதலிய குறைகளுமே மின்தடைக்குக் காரணம் என்பது இதனால் தெளிவாயிற்று. இவ்வடித்தளத்தின்மீதே 1931இல் ஆலன் வில்சன் குறைகடத்திக் கொள்கையை எழுப்பினார்.

1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்தார். பிளாக்கின் புலமை அவருக்குக் காப்பாகவில்லை, பிறப்பே குற்றமாயிற்று. ஜெர்மனியை நீங்கியவர், 1934இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அங்கே 1946இல் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வை அளந்தறிந்தார். அதே காலத்தில் தனியே அதனைக் கண்ட பர்செலுடன் 1952இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று மருத்துவமனைகளில் எடுக்கப்பெறும் எம்.ஆர்.ஐ. படம் அதன் வழிவந்ததே. 1954இல் ஐரோப்பிய நாடுகள் கூடி அமைத்த செர்ன் ஆய்வு நிறுவனத்தின் முதல் தலைமை இயக்குநராகவும் பொறுப்பேற்றார். மறு ஆண்டே ஸ்டான்ஃபோர்டுக்குத் திரும்பினார். 1983ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், பிறந்த சூரிச் நகரிலேயே மறைந்தார்.

பட்டத்திற்காக எழுதிய ஆய்வேடு பரணில் உறங்குவதை நாம் கண்டிருக்கிறோம். இருபத்து மூன்று வயதை எட்டும் பருவத்தில் பிளாக் எழுதிய ஆய்வேடோ இன்றும் உலகெங்கும் வகுப்பறைகளில் பேசப்படுகிறது. நாடு அவரைத் துறந்தது; அவர் கண்ட உண்மையை எந்த நாடும் துறக்க இயலவில்லை. மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சிற் கொள்வார்களாக.