வீரமாமுனிவர்

வீரமாமுனிவர் (நவம்பர் 8, 1680 – பெப்ரவரி 4, 1747) இத்தாலி நாட்டிலிருந்து தமிழகம் வந்து தமிழுக்குத் தொண்டாற்றிய கிறித்தவத் துறவி ஆவார். இயேசு சபையைச் சேர்ந்த இவரது இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. காப்பியம், சிற்றிலக்கியம், இலக்கணம், அகராதி, உரைநடை ஆகிய துறைகளில் நூல்கள் இயற்றியுள்ளார். இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு இவர் பாடிய தேம்பாவணி தமிழின் முதன்மையான கிறித்தவக் காப்பியமாகக் கருதப்படுகிறது. கிறிஸ்து பிறப்பை விரிவான காப்பியப் பகுதியாகத் தமிழில் பாடியது இந்நூலின் சிறப்புகளுள் ஒன்று. இவரது தமிழகப் பணியின் தொடக்க ஆண்டுகள் காமநாயக்கன்பட்டி, சங்கரன்கோவில் வட்டாரங்களில் கழிந்தன.

பிறப்பும் இளமையும்

வீரமாமுனிவர் இத்தாலியில் மாந்துவா நகரையடுத்த காஸ்திகிலியோனே என்னும் ஊரில் பிறந்தார். 1698 ஆம் ஆண்டில் இயேசு சபையில் சேர்ந்தார். 1710 ஆம் ஆண்டில் கோவா வந்து, அங்கிருந்து 1711 ஆம் ஆண்டில் மதுரை மறைப்பணித்தளத்தை அடைந்தார். அப்போது இவருக்கு வயது முப்பது.

மதுரை மறைப்பணித்தளம் 1606 ஆம் ஆண்டில் ராபர்ட் தெ நோபிலியால் தொடங்கப்பட்டது. தத்துவ போதகர் என அழைக்கப்பட்ட நோபிலி, தமிழ்நாட்டுத் துறவியரைப் போல உடுத்தும், மரக்கறி உணவு உண்டும், தமிழும் வடமொழியும் கற்றும் பணியாற்றினார். பின்வந்தோரும் அவ்வழியையே பின்பற்றினர். வீரமாமுனிவரும் காவியுடை அணிந்து வாழ்ந்தார் என்பது மரபு. முதலில் தைரியநாதர் என அழைக்கப்பட்ட இவருக்கு, அப்பொருளையே தரும் வீரமாமுனிவர் என்னும் பெயர் பின்னர் வழங்கலாயிற்று.

நெல்லைச் சீமையில்

இவர் முதலில் பணியாற்றிய ஊர்களுள் காமநாயக்கன்பட்டி குறிப்பிடத்தக்கது. இவ்வூர் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டிக்கு அருகில் உள்ளது. கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடைப்பட்ட பகுதி பெரும்பாலும் மழையை நம்பிய கரிசல் நிலமாகும். சங்கரன்கோவில், சங்கரநாராயணர் கோயிலாலும் கோமதி அம்மனின் ஆடித்தபசு விழாவாலும் புகழ்பெற்ற ஊர். இவ்வூர் நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 2019 ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தில் அடங்கியுள்ளது.

வீரமாமுனிவர் வந்த காலத்தில் இப்பகுதி மதுரை நாயக்கர் ஆட்சியின் கீழ் இருந்தது. விசயரங்க சொக்கநாத நாயக்கர் (ஆட்சிக்காலம் 1706–1732) மதுரையில் ஆண்டார். எனினும் ஊர்ப்புறங்களில் பாளையக்காரர்களின் அதிகாரமே மேலோங்கி இருந்தது. ஒரு பாளையத்தில் ஆதரவு பெற்ற துறவி அடுத்த பாளையத்தில் சிறைப்படக்கூடிய நிலை நிலவியது. இயேசு சபைத் துறவியான அருளானந்தர் 1693 ஆம் ஆண்டில் மறவர் நாட்டு ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்த நிகழ்வுக்குப் பின் இருபது ஆண்டுகள்கூட முழுமையாகக் கடந்திருக்கவில்லை.

1714–15 ஆம் ஆண்டுகளில் கிறித்தவர்களுக்கு எதிராக எழுந்த கலகத்தில் வீரமாமுனிவரும் சிக்கினார். இவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, அதினின்று அரிதில் தப்பினார். இந்நிகழ்வு சங்கரன்கோவில் வட்டாரத்தைச் சேர்ந்த குருக்கள்பட்டியில் நடந்ததாக மறைப்பணி வரலாறுகள் கூறுகின்றன. இதன்பின் இவர் ஓரிடத்தில் நிலைத்திராமல் ஊர்விட்டு ஊர் சென்று பணியாற்ற வேண்டியதாயிற்று.

அக்கலகத்தில் இவர் உயிரிழந்திருந்தால் தமிழில் இவர் பெயரால் இன்று வழங்கும் பெருநூல்களுள் ஒன்றும் தோன்றியிராது. தேம்பாவணி முடிவுற்றதாகக் கருதப்படும் ஆண்டு 1726. இலக்கண நூல்களும் சதுரகராதியும் அதற்கும் பிற்பட்டவை.

தமிழ்க் கல்வி

வீரமாமுனிவருக்குத் தமிழ் கற்பித்தவர் சுப்பிரதீபக் கவிராயர் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. திருக்குறள், சீவக சிந்தாமணி, கம்பராமாயணம் ஆகிய நூல்களில் இவர் பெற்றிருந்த பயிற்சி தேம்பாவணியில் நன்கு வெளிப்படுகிறது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீன் மொழியில் பெயர்த்தார். காமத்துப்பாலை மொழிபெயர்க்கவில்லை.

திருக்காவலூர்

1720 ஆம் ஆண்டுக்குப் பிந்தைய காலத்தில் இவரது பணி கொள்ளிடக் கரையை ஒட்டிய பகுதியில் அமைந்தது. இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் அமைத்து, அவ்வூருக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டார். விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோயில் தோன்றவும் இவரே காரணமானார். இங்கு மரியாள் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. திருக்காவலூர்க் கலம்பகம், அன்னை அழுங்கல் அந்தாதி, கித்தேரியம்மாள் அம்மானை முதலிய சிற்றிலக்கியங்களையும் இவர் இயற்றினார்.

தேம்பாவணி

தேம்பாவணி மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. நூற்பெயரைத் தேம்பா + அணி எனப் பிரித்து வாடாத மாலை என்றும், தேன் + பா + அணி எனப் பிரித்துத் தேன் போன்ற பாக்களால் ஆன மாலை என்றும் பொருள் கொள்வர். ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிருத மரியாள் எழுதிய நூல் இதன் கதைக்கு முக்கிய மூலமாகும். விவிலியத்தில் சூசையப்பரைப் பற்றிய செய்திகள் மிகச் சிலவே. அந்நூலின் விரிவான கதைப்போக்கும் தமிழ்க் காப்பிய மரபும் இணைந்து ஒரு பெருங்காப்பியமாக வளர்ந்தன.

இக்காப்பியத்தில் பெயர்கள் பெரும்பாலும் தமிழாக்கப்பட்டுள்ளன. சூசை என்னும் எபிரேயப் பெயரின் பொருளைக் கொண்டு அவரை வளன் என்று அழைக்கிறார். திருமுழுக்கு யோவான் கருணையன் எனப்படுகிறார். நூல் நாட்டுப் படலம், நகரப் படலம் எனத் தமிழ்க் காப்பிய முறையிலேயே தொடங்குகிறது. யூதேய நாட்டில் மேகம் மலையில் பொழிவதும், வெள்ளம் பெருகி வயல்களில் பாய்வதும், கழனிகள் விளைவதும் மருதநிலக் காட்சிகளாக விரிகின்றன. பாலத்தீனத்தின் வறண்ட மலைநாட்டை அறிந்தவர்க்கு இது பொருந்தாததாகத் தோன்றலாம். ஆனால் நாட்டு வளம் பாடுதல் காப்பிய மரபு. அம்மரபுக்குள் நின்றே கதையைத் தமிழர்க்குச் சொல்ல இவர் விரும்பினார்.

கிறிஸ்து பிறப்புப் பகுதி

கிறிஸ்து பிறப்பு முதற் காண்டத்தில் இடம்பெறுகிறது. இதனோடு தொடர்புடைய படலங்கள் பின்வருமாறு:

ஐயம் தோற்று படலம் – மரியாள் கருவுற்றிருப்பதைக் கண்டு வளன் கொண்ட கலக்கம்
ஐயம் நீங்கு படலம் – வானவன் உண்மையை உணர்த்த அக்கலக்கம் தீர்தல்
மகிழ்வினைப் படலம் – ஐயம் தீர்ந்தபின் வளன் அடைந்த மகிழ்ச்சி
மகவருள் படலம் – பெத்லகேம் பயணமும் குழந்தையின் பிறப்பும்
காட்சிப் படலம் – இடையரும் மூவரசரும் வந்து குழந்தையைக் காணுதல்
மகன் நேர்ந்த படலம் – குழந்தையைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்தல்

விவிலியத்தில் பிறப்புச் செய்தி சில வரிகளில் முடிந்துவிடுகிறது. உரோமைப் பேரரசர் அகுஸ்துவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை முன்னிட்டு இருவரும் பெத்லகேம் செல்கின்றனர், தங்குமிடம் கிடைக்கவில்லை, பிறந்த குழந்தை மாட்டுத் தீவனத் தொட்டியில் கிடத்தப்படுகிறது. வீரமாமுனிவர் இந்நிகழ்வைச் சூசையப்பரின் நிலையில் நின்று விரிக்கிறார். நிறைமாதத்தில் உள்ள மனைவியுடன் தன் முன்னோரின் ஊருக்கு வந்தும் இடம் பெறாத ஒருவனின் துயரமே இப்பகுதியின் உயிர். ஐயம் தோற்று படலம் முதல் காட்சிப் படலம் வரை தொடர்ந்து படித்தால், இது கலக்கத்தில் தொடங்கி வியப்பில் முடியும் ஒரே கதையாக அமைந்திருப்பதைக் காணலாம்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. தமிழ்க் காப்பியங்களில் நகரப் படலம் பெரும்பாலும் தலைவன் பிறந்து வாழும் நகரின் சிறப்பைப் பாடும். தேம்பாவணியின் நகரப் படலம் எருசலேமின் மாடங்களையும் வீதிகளையும் போற்றுகிறது. ஆனால் கதையின் இறைமகன் அம்மாநகரில் பிறப்பதில்லை. ஒரு சிற்றூரின் புறத்தே மாடுகள் தங்கும் குகையில் பிறக்கிறான். மரபுப்படி நகரைப் பாடி, பின்னர்ப் பிறப்பை அந்நகருக்கு வெளியே வைப்பதால் இறைவன் ஏழையாகப் பிறந்தான் என்னும் கருத்து மேலும் அழுத்தம் பெறுகிறது.

கிறிஸ்துமஸ் தமிழகத்தில் மார்கழி மாதத்தில் வருகிறது. மார்கழியும் தையும் தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளுள் முன்பனிக் காலம் ஆகும். எனவே ஐரோப்பியர் உறைபனியோடு சேர்த்து எண்ணும் இவ்விழா, தமிழ்நாட்டு வாசகர்க்கு விடியற்காலப் பனியோடு இயல்பாகவே பொருந்துகிறது.

பிறப்பின் மகிழ்ச்சி நெடிது நீடிப்பதில்லை. இரண்டாம் காண்டம் பைதிரம் நீங்கு படலத்தோடு தொடங்குகிறது. பைதிரம் என்பது நாடு எனப் பொருள்படும். ஏரோது மன்னனுக்கு அஞ்சிக் குழந்தையுடன் எகிப்துக்குச் செல்லும் செய்தி இதில் வருகிறது. ஆள்வோரின் சினத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் நிலையைத் தாமே பட்டறிந்த ஒருவர் இப்பகுதியைப் பாடியுள்ளார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

தேம்பாவணியின் நடை கடினமானது. உரையின்றிப் படிப்பது எளிதன்று. இதனை உணர்ந்து நூலாசிரியரே உரைநடை விளக்கம் ஒன்றும் எழுதினார். நூல் நெடுங்காலம் ஏட்டுச் சுவடியாகவே வழங்கி, 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் புதுச்சேரியில் அச்சேறியது.

இலக்கணமும் எழுத்துச் சீர்திருத்தமும்

எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஆகிய ஐந்து இலக்கணங்களையும் தொன்னூல் விளக்கம் (1730) என்னும் நூலில் தொகுத்தார். பேச்சுத் தமிழின் இலக்கணத்தை ஐரோப்பியர்க்காக இலத்தீனில் எழுதினார். 1732 ஆம் ஆண்டின் சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகள் கொண்டது. நிகண்டுகளை மனப்பாடம் செய்யும் நிலையை மாற்றி, சொற்களை அகர வரிசையில் தேடும் முறைக்கு இது வழிவகுத்தது.

அக்காலச் சுவடிகளில் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைப்பதே இலக்கண முறை. ஆனால் ஓலையில் புள்ளி இடுவது அரிது. ஆதலால் குறிலும் நெடிலும் ஒன்றுபோலத் தோன்றின. வீரமாமுனிவர் புள்ளியை விடுத்து, நெடிலுக்குத் தனி வடிவம் தந்தார். இன்று நாம் எழுதும் ஏ, ஓ என்னும் எழுத்துகளும் இரட்டைக் கொம்பும் இச்சீர்திருத்தத்தின் விளைவுகளாகும்.

உரைநடையும் சமய வாதமும்

வேதியர் ஒழுக்கம் (1727), வேத விளக்கம் (1728) முதலியன இவரது உரைநடை நூல்கள். பரமார்த்த குரு கதை என்னும் நகைச்சுவை நூல் இன்றளவும் சிறுவர் விரும்பிப் படிப்பதாகும். தரங்கம்பாடியில் 1706 ஆம் ஆண்டு முதல் பணியாற்றிய லூத்தரன் மறைப்பணியாளர்களைக் கடுமையாக மறுத்தும் இவர் எழுதினார். இக்கண்டன நூல்களில் காணப்படும் கடுஞ்சொற்கள் காப்பியத்தின் கனிவுக்கு மாறானவை. ஆயினும் இவரது கொடுந்தமிழ் இலக்கணம் 1738 ஆம் ஆண்டில் அதே லூத்தரன்களின் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சிடப்பட்டது.

இறுதிக்காலம்

இவர் சந்தா சாகிபிடம் திவானாக இருந்தார் என்ற செய்தி பல நூல்களில் காணப்படுகிறது. எல்லிஸ் துரையின் பணிப்பில் இவரது சுவடிகளைத் தேடிய புதுவை முத்துசாமிப் பிள்ளை 1822 ஆம் ஆண்டில் எழுதிய வரலாற்றின் வழியாக இத்தகைய செய்திகள் பரவின. திவான் பதவி பற்றிய செய்தியைப் பிற்கால ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. அவ்வாறே இவர் 1742 ஆம் ஆண்டில் மணப்பாட்டில் இறந்தார் என்பதும் முன்பு நம்பப்பட்டது. இன்று ஏற்கப்படும் முடிவின்படி, இவர் கேரளத்தின் அம்பலக்காட்டில் 1747 ஆம் ஆண்டு பெப்ரவரி 4 ஆம் நாள் காலமானார்.

பின்வந்தோர்

வீரமாமுனிவருக்குப் பின் கிறிஸ்து பிறப்பையும் வாழ்வையும் பாடிய தமிழ்க் கவிஞர் பலர். திருநெல்வேலியில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். நெல்லைச் சீமையின் கரையிருப்பில் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இரட்சணிய யாத்திரிகம் இயற்றினார். கண்ணதாசனின் இயேசு காவியம் 1982 ஆம் ஆண்டில் வெளிவந்தது. காப்பியம், குறவஞ்சி, எளிய நடையிலான புதுக்காவியம் என வடிவங்கள் மாறினும், பெத்லகேம் நிகழ்வைத் தமிழ்க் காப்பியமாக்கும் வழியைத் திறந்துவைத்தவர் வீரமாமுனிவரே.

நினைவு

1968 ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினா கடற்கரையில் இவருக்குச் சிலை நிறுவப்பட்டது. ஏலாக்குறிச்சி, கோணான்குப்பம், காமநாயக்கன்பட்டி ஆகிய ஊர்களின் கோயில்களும் இவர் பெயரை இன்றும் நினைவூட்டுகின்றன.