யார் இந்த திபா மன்னர்? பர்மா ராஜாவுக்கு ரத்னகிரியில் ஏன் அரண்மனை?

மகாராஷ்டிராவின் ரத்னகிரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் எட்டிப்பார்க்கும் இடங்களில் ஒன்று, திபா அரண்மனை. கடலைப் பார்த்தபடி நிற்கும் மூன்றடுக்குக் கட்டடம். இப்போது சிறிய அருங்காட்சியகம். ஆனால், இங்கே வாழ்ந்தவர் மராட்டிய ராஜா கிடையாது. பர்மாவின் கடைசி மன்னர்! அவர் எப்படி இங்கே வந்தார்?

இரண்டே வாரத்தில் போன நாடு

1859-ல் பிறந்த திபா, 1878-ல் 19 வயதில் மாண்டலேயில் அரியணை ஏறினார். போட்டிக்கு யாரும் வந்துவிடக் கூடாது என்று, அடுத்த ஆண்டே அரச குடும்பத்தினர் பலர் கொல்லப்பட்டனர். அந்தப் பழி கடைசிவரை அவரை விடவில்லை.

தேக்கு வணிகம் செய்த பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனத்துக்கு திபாவின் அரசு பெரும் அபராதம் போட்டது. பிரான்சோடும் நெருக்கம் காட்டியது. பிரிட்டன் சும்மா இருக்குமா? 1885 நவம்பரில் படையோடு வந்தது. இரண்டே வாரத்தில் எல்லாம் முடிஞ்சுபோச்சு.

மதராஸ் வழியாக ரத்னகிரி

மன்னரும், கர்ப்பிணியாக இருந்த ராணி சுபயாலத்தும் கப்பலில் மதராஸ் கொண்டுவரப்பட்டனர். மூன்றாவது மகள் பிறந்தது இங்கேதான். சில மாதங்களில், 1886-ல், ரத்னகிரிக்கு மாற்றப்பட்டனர். அப்போது ரயிலே எட்டாத ஊர் அது. பர்மாவிலிருந்து யாரும் எளிதில் வந்து சேர முடியாது. ஆங்கிலேயருக்கு வேண்டியதும் அதுதான்.

அரண்மனையா, சிறையா?

வாடகை வீடு மாதிரியான பங்களாக்களில் 20 ஆண்டுகளுக்கு மேல் ஓடிய பிறகு, 1910-ல்தான் இந்த அரண்மனை தயாரானது. பெயருக்குத்தான் அரண்மனை. அனுமதி இல்லாமல் ஊரைத் தாண்ட முடியாது. அரசு தரும் படிப்பணம் போதாமல், கொண்டுவந்த நகைகளை விற்றுத்தான் குடும்பம் நடந்தது.

புது வீட்டில் அவர் வாழ்ந்தது ஆறே ஆண்டுகள். 1916 டிசம்பரில், 57 வயதில் இறந்தார். உடலைக்கூட பர்மாவுக்கு அனுப்ப ஆங்கிலேயர் சம்மதிக்கவில்லை. 1919-ல் ராணி மட்டும் மகள்களோடு ரங்கூன் திரும்பினார்.

மூத்த மகளோ மீண்டும் ரத்னகிரிக்கே வந்துவிட்டார். இங்கே பிறந்த அவருடைய மகள், மராத்தி பேசும் உள்ளூர்ப் பெண்ணாகவே வாழ்ந்து மறைந்தார்.

இப்போது என்ன பார்க்கலாம்?

மன்னர் பயன்படுத்திய சில பொருட்கள், அந்த வட்டாரத்துப் பழைய சிற்பங்கள் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவரது கல்லறையும் இதே ஊரில்தான். 2012-ல் மியான்மர் அதிபர் தெய்ன் செய்ன் நேரில் வந்து அஞ்சலி செலுத்தினார்.

திபாவுக்கு முன்பே, டெல்லியின் கடைசி பாதுஷா பகதூர் ஷா ஜாபரை ஆங்கிலேயர் ரங்கூனுக்கு நாடு கடத்தியிருந்தனர். 1862-ல் அங்கேயே இறந்தார். இன்றும் பாதுஷாவின் கல்லறை பர்மாவில். பர்மா ராஜாவின் கல்லறை இந்தியாவில்.