ஓய்வுப் பொழுதுக்கு ஒரு தருமம்: பம்மல் சம்பந்த முதலியார் வரலாறு

கரமனையில் நமது சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும் போதெல்லாம் ஒரு வினா எழுவது வழக்கமாகிவிட்டது. ஆண்டு விழா நாடகத்துக்காகப் படுதா, ஒப்பனை, விளக்கு, மண்டப வாடகை என்னும் இனங்களில் எழுதப்பட்ட தொகையைக் கேட்டவுடன், இப்பணத்தைக் கொண்டு ஏழை மாணவர் இருவருக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கலாகாதா என்று பெரியவர் ஒருவர் எழுந்து கேட்பார். கேட்பவர் குறும்புக்காகக் கேட்பவர் அல்லர். தம் ஓய்வூதியத்திலிருந்து பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு ஓசைப்படாமல் கொடுத்து வருபவர். ஆகவே அவருக்கு விடை சொல்லியே தீர வேண்டும். சென்ற பொதுக்கூட்டத்தில் காரியதரிசி சிரித்து மழுப்பினார். பின்வரிசையில் அமர்ந்திருந்த நமக்கோ நா எழவில்லை. வீடு திரும்பிக் கை கால் கழுவிச் சோற்றின் முன் உட்கார்ந்த பின்னரே சொல்ல வேண்டியவை எல்லாம் வரிசையாய் நினைவுக்கு வந்தன. எத்தனையோ ஆண்டுகளாக ரயில்வே ஆபீஸில் கணக்கேடு புரட்டும் நம்மைப் போன்ற குமாஸ்தாவின் வாதத்தைவிட, ஒரு பெரியாரின் வாழ்க்கை அவருக்கு நல்ல விடையாகும் என்று கருதி இதனை எழுதத் துணிந்தோம். அப்பெரியார் தமிழ் நாடகத் தந்தை என்று போற்றப்படும் பம்மல் சம்பந்த முதலியார் ஆவார்.

அவர் 1873ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்தார். பல்லாவரத்தை அடுத்த பம்மல் என்னும் சிற்றூர் அவர்தம் முன்னோர் ஊர். தந்தையார் விஜயரங்க முதலியார், பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் உத்தியோகத்தில் இருந்தவர். தமிழ்ப் புத்தகங்களை அச்சிட்டு வெளியிடுவதிலும் ஈடுபட்டவர். தாயார் மாணிக்கவேலு அம்மையார். புத்தகங்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குப் படிப்பு தானே வந்தது. ஆங்கில நாடகங்களை விரும்பிப் படித்த அவ்விளைஞருக்குத் தமிழ் நாடகம் என்றால் மட்டும் இளக்காரம். அது அவர் ஒருவருடைய குற்றம் அன்று. விடிய விடிய ஆடப்படும் கூத்தைப் படித்தவர்கள் எட்டிப் பார்ப்பதும் கௌரவக் குறைவு என்று எண்ணிய காலம் அது. கூத்தாடி என்பது வசைச் சொல்லாகவே வழங்கிற்று.

1891இல் அவ்வெண்ணம் தலைகீழாயிற்று. பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு என்னும் வக்கீல் தமது சரச வினோதினி சபையாரோடு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் நடத்தினார். படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் வேடம் புனைந்து மேடையில் நிற்பதை முதலியார் கண்டார். தெலுங்கில் இயல்வது தமிழில் ஏன் இயலாது என்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. நண்பர் சிலரைத் திரட்டி, அவ்வாண்டு ஜூலை மாதம் முதல் தேதி சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

ஈண்டு நம் ஊரைப் பற்றிய ஒரு செய்தியையும் சொல்லி வைக்கிறோம். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராயிருந்த சுந்தரம் பிள்ளை அவர்கள் மனோன்மணீயம் என்னும் செய்யுள் நாடகத்தை வெளியிட்டதும் அதே 1891ஆம் ஆண்டிலேதான். சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே அந்நாளில் ரயில் இல்லை. செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு இருப்புப்பாதை வந்ததே 1904இல்; நம் நகரத்துக்கு வந்தது 1918இல். இருப்புப்பாதையால் இணைக்கப்படாத இரண்டு ஊர்களில் ஒரே ஆண்டில் தமிழ் நாடகத்துக்கு விடிவு காலம் பிறந்ததை நினைக்க நமக்கு வியப்பாகவே உளது. பிள்ளையவர்கள் எழுதியது படிப்பதற்குரிய நாடகம். முதலியார் தேடியது நடிப்பதற்குரிய நாடகம்.

நடிப்பதென்றால் இடம் வேண்டுமன்றோ? இவ்விடத்தில் சற்று நின்று செல்ல விரும்புகிறோம். ஏனெனில் பெரியவரின் வினாவுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து ரிப்பன் மாளிகையை நோக்கி நடப்போர், இடையே செங்கல் நிறத்துப் பழைய கட்டடம் ஒன்றைக் கண்டிருப்பர். அதுவே விக்டோரியா பப்ளிக் ஹால். நகர மக்கள் கூடுவதற்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று சென்னைப் பிரமுகர்கள் கூடி முடிவு செய்து நன்கொடை திரட்டினார்கள். 1883 டிசம்பர் 17ஆம் தேதி விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். சிஷோம் என்னும் சிற்பி வரைபடம் வகுத்தார். நம்பெருமாள் செட்டியார் கட்டி முடித்தார். நிலம் நகரசபையினுடையது. மனை ஒன்றுக்கு எட்டணா வாடகையில் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு டிரஸ்டிடம் அது விடப்பட்டது. பணம் கொடுத்தோர் வரிசையில் மைசூர் மகாராஜாவும் புதுக்கோட்டை அரசரும் இருந்தனர். நமது திருவிதாங்கூர் மகாராஜாவும் இருந்தார். பசித்தவனுக்குச் சோறும் நோயாளிக்கு மருந்தும் கொடுப்பதற்கென்று அன்றி, வேலை முடித்த மனிதன் மாலையில் பாட்டும் பேச்சும் நாடகமும் கேட்டு இன்புறுவதற்கென்று கொடுக்கப்பட்ட பணம் அது. அம்மண்டபம் இல்லாவிடில் சுகுண விலாச சபை ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் தோன்றித் திண்ணையிலேயே மறைந்திருக்கும்.

இதன் சாயலில்தான் நம் நகரத்திலும் 1896இல் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில் விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால் எழுந்தது. வி.ஜே.டி. ஹால் என்று நாம் சிறுவயது முதல் அழைத்து வந்த அதற்கு 2019இல் அய்யன்காளி மண்டபம் என்று பெயர் சூட்டினர்.

1893இல் முதலியாரின் புஷ்பவல்லி என்னும் நாடகம் சென்னை விக்டோரியா ஹாலில் மேடையேறியது. 1895இல் மனோகரன் வந்தது. இந்நாடகத்தைப் பற்றித் தமிழர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மனோகரனாக முதன் முதல் சங்கிலியை இழுத்து நின்றவர் எழுதிய ஆசிரியரே என்பதை மட்டும் இளைஞர்கள் அறிந்து கொள்வார்களாக. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அமலாதித்தன் என்றும், வெனிஸ் நகர வணிகனை வாணீபுர வணிகன் என்றும் தமிழுடை உடுத்தி மேடைக்குக் கொண்டு வந்தார். அவர் எழுதிய நாடகங்கள் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவை. பகலெல்லாம் கோர்ட்டில் வக்கீல் வேலை, மாலையில் ஒத்திகை. சபைக்காக நடித்தவர்கள் கூலி பெற்றதில்லை. சந்தாவும் கொடுத்து, உழைப்பையும் கொடுத்தார்கள். ஒத்திகைக்குக் காலம் தவறி வருவதை முதலியார் பொறுத்துக்கொண்டதில்லை. (நமது சங்கத்தார் இவ்விடத்தை இருமுறை படிக்குமாறு வேண்டுகிறோம்.)

சபையின் அங்கத்தினர் யார் யார் என்று பார்த்தால் மலைப்பு உண்டாகும். வி.வி. ஸ்ரீநிவாச ஐயங்கார், தேச பக்தர் சத்தியமூர்த்தி, பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சராகிய ஆர்.கே. சண்முகம் செட்டியார் ஆகியோர் அச்சபையைச் சேர்ந்தவர்கள். 1936 முதல் 1947 வரை நம் திருவிதாங்கூரில் திவானாக இருந்த சி.பி. ராமஸ்வாமி ஐயரும் அதில் இருந்தவரே. திவானைப் பற்றி இவ்வூரில் பலருக்குப் பலவிதமான எண்ணம் உண்டு. அதற்குள் நாம் புக விரும்பவில்லை. இத்தகையோர் அரிதாரம் பூசி மேடையில் நின்ற பிறகு, கூத்தாடி என்னும் வசைச்சொல்லின் கூர்மை மழுங்கத் தொடங்கியது. பெங்களூர், திருச்சி, மதுரை முதலிய ஊர்களுக்கும் கடல் கடந்து இலங்கைக்கும் சபையார் சென்று நடித்தார்கள். பிற தரும காரியங்களுக்காக நாடகம் நடத்தி வசூலைக் கொடுத்ததும் உண்டு.

முதலியாரிடம் நமக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் குறையைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. அவருடைய சபை படித்தவர்களின் சபை. அவர்களுக்கு நாடகம் ஓய்வு நேர இன்பம். வயிற்றுப்பாட்டுக்கு வேறு தொழில் இருந்தது. அதே காலத்தில் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் ஊர் ஊராய்த் திரிந்து, ஏழைச் சிறுவர்களைச் சேர்த்துப் பாட்டும் வசனமும் கற்பித்து, நாடகத்தையே சோறாகக் கொண்டு வாழ்ந்து 1922இல் மறைந்தார். தமிழ் நாடகத்துக்கு இருவருமே வேண்டியவர்கள். ஆனால் பட்டணத்து மேடையின் புகழ் ஒருவர்க்குக் கிடைத்த அளவுக்கு மற்றவர்க்குக் கிடைக்கவில்லை. மேலும் சுகுண விலாச சபையில் நெடுங்காலம் பெண் வேடங்களையும் ஆடவரே தாங்கினர். நமது காலனிப் பெண்மணிகள் நடிக்கும் நாடகத்தைக் காண அவர் இன்று வந்தால் என்ன நினைப்பாரோ!

பெண் வேடம் என்றதும் ரங்கவடிவேலு முதலியாரை நினையாமல் இருக்க முடியாது. இவரும் வக்கீல். 1895 முதல் சம்பந்த முதலியார் நாயகனாக நடித்தபோதெல்லாம் நாயகியாக நடித்தவர் இவரே. மனோகரனில் விஜயாள் இவர்தாம். 1923இல் ரங்கவடிவேலு காலமானார். ஏறக்குறைய இருபத்தெட்டு ஆண்டு உடன் நடித்த நண்பரை இழந்த முதலியாரின் துயரம், பிற்காலத்தில் அவர் எழுதிய நாடக மேடை நினைவுகள் என்னும் நூலில் இடந்தோறும் காணக் கிடக்கிறது. ஓய்வு நேரத்துக்காக ஏற்பட்ட ஒரு சபை இத்தகைய நட்பை விளைவித்தது என்பதைப் படித்தபோது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தோம். சம்பளத்துக்குச் செய்யும் வேலையில் நமக்கும் நண்பர்கள் உண்டு. ஆனால் மாற்றல் உத்தரவு வந்தால் அவர்களில் பாதிப்பேர் மறைந்துவிடுகிறார்கள்.

இனி, தருமம் என்பது எதற்கு என்னும் வினாவுக்கு வருவோம். இவ்வினா நமது சங்கத்தில் மட்டும் எழுந்ததன்று. இங்கிலாந்தில், லண்டனை ஒட்டிய வெஸ்ட் ஹாம், லேட்டன் பகுதி மக்களின் நலத்துக்கும் உடற்பயிற்சிக்கும் பொழுதுபோக்குக்குமென ஒதுக்கப்பட்ட சொத்து தரும சொத்து ஆகுமா என்னும் வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. ஆகாது என்று 1955இல் தீர்ப்பாயிற்று. ஊர்தோறும் இருந்த பொது மண்டபங்களெல்லாம் தத்தளித்தன. ஆகவே 1958இல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. சமூக நலத்தின் பொருட்டு, பொதுமக்கள் யாவர்க்குமோ, இளமை, முதுமை, வறுமை, நோய் இவற்றால் தேவையுடையார்க்கோ ஓய்வு நேர வசதி செய்து கொடுப்பதும் தருமமே என்று அது வகுத்தது.

நம் நாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் அத்தனை குழப்பப்படவில்லை. சுகுண விலாச சபைக்கு ஓராண்டு மூத்ததாகிய 1890ஆம் ஆண்டுத் தரும நிதிச் சட்டம், ஏழையர் உதவி, கல்வி, மருத்துவம் என்பவற்றோடு பொதுமக்களுக்குப் பயன்படும் பிற நோக்கங்களையும் தருமத்தில் சேர்த்தே கூறியது. நம்மூர்ச் சங்கங்கள் பதிவு பெறும் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம் 1955ஆம் ஆண்டினது. அதன் பெயரிலேயே இலக்கியமும் தருமமும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கின்றன. ரயில்வேயில் ஊழியர் நல நிதி என்று ஒன்று உண்டு. அதில் பிள்ளைகளின் படிப்புக்கும், நோயுற்றார்க்கும், விளையாட்டுக்கும் கேளிக்கைக்கும் தனித்தனியே பணம் ஒதுக்கப்படுகிறது. ஒன்றை எடுத்து ஒன்றில் போடுவதில்லை. நமது சங்கமும் அவ்வாறு இரண்டு கணக்கு வைத்துக்கொண்டால், பெரியவருக்கும் நாடகக் குழுவுக்கும் மனத்தாங்கல் நேராது என்பது நமது தாழ்மையான கருத்து.

முதலியாரின் பிற்காலத்தைச் சுருக்கிச் சொல்கிறோம். 1924 முதல் 1928 வரை சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாக இருந்தார். சபை 1936இல் விக்டோரியா ஹாலை விட்டு மவுண்ட் ரோடுக்குச் சென்றது. அவருடைய மனோகரன் 1936இல் பேசும் படமாக வந்தபோது, அறுபதைக் கடந்த அவர் அதில் அரசன் வேடம் பூண்டார். 1954இல் சிவாஜி கணேசன் நடித்து மறுபடியும் வந்தது. 1959இல் இந்திய அரசு பத்ம பூஷண் விருது அளித்தது. தொண்ணூற்றொரு வயது நிரம்ப வாழ்ந்து, 1964 செப்டம்பர் 24ஆம் தேதி காலமானார். மவுண்ட் ரோடில் சபையின் நாடகங்கள் காலப்போக்கில் குறைந்தன. அங்கத்தினர் கூடிப் பொழுது போக்கும் கிளப்பாகவே அதன் பெயர் நிலைத்தது. மேடையை மறந்தால் சபைக்கு நேரக்கூடியது அதுவே என்று எண்ணி நாம் வருந்துகிறோம்.

1956 நவம்பரில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபின், எல்லைக்கு இப்பால் தங்கிவிட்ட குடும்பங்கள் நம் காலனியில் பல. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழை உரக்கப் பேச அவர்களுக்கு வாய்க்கும் மேடை ஆண்டுக்கு ஒரு முறை நாம் கட்டும் மேடையே. சென்ற ஆண்டு ஒரு சிறுவன் தன் வசனத்தை மலையாள எழுத்தில் எழுதி வைத்துப் படித்து மனப்பாடம் செய்தான். மேடையில் ஒரு சொல்லும் பிசகவில்லை. இவ்வாண்டு அவனே தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டு வந்து, தனக்கு நீண்ட வேடம் வேண்டும் என்று கேட்கிறான்.

இம்முறை முதலியாரின் சபாபதியிலிருந்து சில காட்சிகளை எடுத்துக்கொண்டுள்ளோம். எசமானனுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். அதனால் விளையும் கூத்துக்குப் பெரிய படுதாவும் வேண்டாம், விலையுயர்ந்த உடையும் வேண்டாம். வேலைக்காரச் சபாபதி வேடம் அச்சிறுவனுக்கே கிடைத்திருக்கிறது. கணக்குக் கேட்கும் பெரியவருக்கு முன்வரிசையில் நாற்காலி போடுமாறு காரியதரிசியிடம் சொல்லியிருக்கிறோம். திரை சரியாக மாலை ஆறு மணிக்குத் தூக்கப்படும்.