சார்லி சாப்ளின்

இலண்டன் மாநகரின் வறிய தெருக்களில் வளர்ந்தவர் சார்லி சாப்ளின். அவர் 1889ஆம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் இருவரும் மேடைப் பாடகர்கள். தந்தையார் குடும்பத்தைப் பேணவில்லை, தாயார் நோயுற்றார். அதனால் ஏழு வயதிலேயே ஏழையர் விடுதியில் சேர்க்கப்பட்ட அச்சிறுவர், பின்னர் மேடை நடிப்பால் பிழைக்கக் கற்றார்.

நாடகக் குழுவொன்றுடன் அமெரிக்கா சென்றவரை, 1913இல் கீஸ்டோன் என்னும் படநிறுவனம் வாரம் 150 டாலர் ஊதியத்தில் அமர்த்தியது. தொளதொளத்த காற்சட்டை, இறுகிய மேற்சட்டை, பெரிய காலணி, மூங்கிற்கழி, சிறு மீசை ஆகியவற்றோடு ஏழை நாடோடியாக 1914இல் அவர் திரையில் தோன்றினார். மக்கள் மகிழ்ந்தனர், அவரோ மகிழவில்லை. தாம் நுட்பமாக நடித்த பகுதிகளைப் பிறர் வெட்டி எறிவதாக வருந்தினார். தாமே படம் இயக்க விரும்பி, அப்படம் பயன்படாமற் போனால் 1,500 டாலர் தருவதாக ஒப்புக்கொண்டார். அது அவருடைய பத்து வார ஊதியம்! படம் வெற்றி பெற்றது.

அதன்பின் ஊதியம் விரைந்து உயர்ந்தது. ஆயினும் அவர் பெரிதும் வேண்டியது பொருளன்று. நிறைவு தோன்றும்வரை ஒரு காட்சியைத் திரும்பத் திரும்ப எடுக்கும் உரிமையே. 1918இல் ஹாலிவுட்டில் தமக்கெனப் படநிலையம் அமைத்தார். மறு ஆண்டு, மேரி பிக்ஃபோர்டு, டக்ளஸ் பேர்பாங்க்ஸ், கிரிஃபித் ஆகியோருடன் கூடி, தம் படங்களைத் தாமே வெளியிட யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அவ்வுரிமைக்குக் கடுஞ்சோதனை பேசும்படத்தால் வந்தது. 1930இல் ஹாலிவுட் நிலையங்கள் பேசாப்படத்தை ஏறக்குறையக் கைவிட்டுவிட்டன. சாப்ளினோ தம் பொருளைச் செலவிட்டு, உரையாடலற்ற ‘சிட்டி லைட்ஸ்’ படத்தை எடுத்துவந்தார். பேசாத நாடோடிக்கு எந்நாடும் தன்னாடே. வாய் திறந்தால் அவன் ஆங்கிலேயன் ஆகிவிடுவான் அன்றோ?

அப்படத்தில், பூ விற்கும் பார்வையற்ற பெண், நாடோடியைச் செல்வன் எனக் கருத வேண்டும். சொல்லின்றி அதனை உணர்த்துவது எங்ஙனம்? காட்சியைப் பன்முறை எடுத்தும் சாப்ளினுக்கு வழி புலப்படவில்லை, நாட்கள் கடந்தன, செலவு பெருகியது. முடிவில் விடை கிட்டியது. காவலரைத் தவிர்க்க எண்ணிய நாடோடி, நெரிசலில் நின்ற காருக்குள் ஏறி மறுபுறம் இறங்குகிறான். கதவு மூடும் ஓசை கேட்ட பெண், வந்தவன் காருக்குரியவன் என நினைத்துப் பூவை நீட்டுகிறாள். செவியால் அறிந்ததைக் கண்ணுக்குக் காட்டிய அச்சிறு காட்சி, பிறரிடம் ஊதியம் பெற்றிருந்தால் பிறந்திருக்குமோ என்பது ஐயமே.

1931இல் படம் வெளிவந்தது. நியூயார்க்கில் தாமே கொட்டகையொன்றை வாடகைக்கு எடுத்துத் திரையிட்டார். மக்கள் திரண்டனர், செலவிட்ட பொருள் ஊதியத்துடன் மீண்டது.

1952இல் அவர் இலண்டன் சென்றபோது, அவருடைய அரசியற் கருத்துகளை ஐயுற்ற அமெரிக்க அரசு, அவர் திரும்பிவருவதற்கான அனுமதியை நீக்கியது. சுவிட்சர்லாந்தில் குடியேறிய அவர், இருபது ஆண்டுகள் கழித்து, சிறப்பு ஆஸ்கார் விருது பெறவே அமெரிக்க மண்ணை மீண்டும் மிதித்தார். 1977ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, சுவிட்சர்லாந்தில் தம் இல்லத்தில் காலமானார்.