உயிர்த்த ஞாயிறன்று குண்டு வீசியவர்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

1942-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் திண்டிவனம் இரயில் நிலையத்திற்கு வந்த வண்டிகளில் நிற்கவும் இடமிருக்காதாம். சென்னைப் பட்டணத்தை விட்டு மூட்டை முடிச்சுகளோடு ஓடிவந்த மக்கள் விழுப்புரத்தையும் தாண்டித் தெற்கே போய்க்கொண்டிருந்தார்களாம். அப்போது பத்து வயதுச் சிறுமியாக இருந்த என் கொள்ளுப் பாட்டி இதைப் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். அந்த ஜப்பான்காரர்களுக்குத் தலைமை தாங்கிய ஒருவருடைய பெயரை நான் சென்ற விடுமுறையில்தான் அறிந்தேன். அவர் பெயர் மிட்சுவோ ஃபுச்சிடா.

பகைவரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று தோழியர் கேட்டனர். இவரை வீரர் என்று சொல்லலாமா என்று சிஸ்டரிடம் கேட்டேன். முழுவதையும் எழுதிக்கொண்டு வா, பிறகு பேசலாம் என்று கூறிவிட்டார்.

ஃபுச்சிடா 1902-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் ஜப்பானில் நாரா மாநிலத்தில் பிறந்தார். கடற்படைக் கல்லூரியில் பயின்று, கடற்படை விமானியானார். 'அகாகி' என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் விமானப் பிரிவிற்குத் தலைவராகவும் உயர்ந்தார்.

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. ஹவாய்த் தீவிலுள்ள பேர்ல் துறைமுகத்தில் அமெரிக்கக் கப்பல்கள் வரிசையாக நின்றிருந்தன. 183 விமானங்கள் கொண்ட முதல் அணிக்கு ஃபுச்சிடா தலைமை தாங்கி வந்தார். அவர் தம் கையால் விமானத்தை ஓட்டவில்லை. மூவர் அமரும் குண்டுவீச்சு விமானத்தின் நடு இருக்கையிலிருந்து அனைவருக்கும் ஆணையிட்டார். எதிரி அயர்ந்திருக்கிறான் என்று தெரிவிக்க, புலி என்று பொருள்படும் சொல்லை மூன்று முறை கம்பியில்லாத் தந்தியில் அனுப்பச் செய்தார். முதல் அணி திரும்பிய பின்னும் அவர் திரும்பவில்லை. இரண்டாம் அணி தாக்கி முடிக்கும் வரை புகைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தார். அது அஞ்சாத நெஞ்சந்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீழே அன்று இறந்தவர்கள் 2,400-க்கும் மேற்பட்டோர். 1942 பிப்ரவரி 19-இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரமும் அவர் தலைமையில் தாக்கப்பட்டது.

அடுத்து நம் பக்கத்து நாடு. ஏப்ரல் 4-ஆம் நாள், இலங்கையின் கொக்கலையிலிருந்து கடல் விமானத்தில் ரோந்து சென்ற லியோனார்டு பர்ச்சல் என்ற கனடா நாட்டு விமானி, ஜப்பானியக் கப்பல்கள் வருவதைக் கண்டு எச்சரிக்கை அனுப்பினார். உடனே அவர் விமானம் சுடப்பட்டது. அவர் போர் முடியும் வரை கைதியாக இருந்தார். (இவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்!) மறுநாள் உயிர்த்த ஞாயிறு. மக்கள் திருநாள் கொண்டாட வேண்டிய காலைப் பொழுதில் ஃபுச்சிடாவின் விமானங்கள் கொழும்பு வானில் தோன்றின. எச்சரிக்கை கிடைத்திருந்ததால் பல கப்பல்கள் முன்னரே துறைமுகத்தை விட்டுப் போயிருந்தன. எனினும் அங்கொடையிலிருந்த மனநல மருத்துவமனை மீதும் குண்டுகள் விழுந்தன. நோயாளிகள் என்ன பாவம் செய்தார்கள்? ஏப்ரல் 9-ஆம் நாள் திரிகோணமலையும் தாக்கப்பட்டது. அன்றே 'ஹெர்ம்ஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. இடையில் ஏப்ரல் 6-இல் ஜப்பானின் வேறொரு கப்பற்படைப் பிரிவு விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசியது. அதன் பிறகுதான் பாட்டி கண்ட அந்தக் கூட்டம்.

1942 ஜூன் மாதம் மிட்வே தீவுப் போரில் ஃபுச்சிடாவால் பறக்க இயலவில்லை. குடல்வால் அறுவைச் சிகிச்சை முடிந்து கப்பலிலேயே படுத்திருந்தார். 'அகாகி' தீப்பற்றி எரிந்தபோது தப்ப முயன்றவருக்குக் கால்கள் ஒடிந்தன. 1945 ஆகஸ்டு 5-ஆம் நாள் வரை ஹிரோஷிமாவில் இருந்தார். ஓர் அழைப்பு வரவே அன்று டோக்கியோவுக்குச் சென்றார். மறுநாள் காலை அந்நகரின் மீது அணுகுண்டு விழுந்தது.

போர் முடிந்தது. கடற்படை கலைக்கப்பட்டது. ஃபுச்சிடா சொந்த ஊரில் நிலத்தை உழுதார். மனத்தில் மட்டும் கசப்பு மாறவில்லை. அமெரிக்கர்களும் கைதிகளைக் கொடுமைப்படுத்தியிருப்பார்கள், அதை உலகிற்கு நிரூபிக்க வேண்டும் என்று எண்ணி, நாடு திரும்பிய ஜப்பானியக் கைதிகளை விசாரித்தார். அவர்களோ ஓர் இளம் பெண்ணைப் பற்றிச் சொன்னார்கள். பெக்கி கவல் என்ற அப்பெண்ணின் பெற்றோர் வேதபோதகர்கள். 1943-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் ஜப்பானியப் படையினர் அவர்களைக் கொன்றனர். ஆயினும் அவள் அமெரிக்காவில் காயமுற்றுக் கிடந்த ஜப்பானியக் கைதிகளுக்கு அன்புடன் பணி செய்தாள். ஃபுச்சிடாவுக்கு இது விளங்கவே இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் எளிதில் விளங்கவில்லை.

1948-இல் டோக்கியோவின் ஷிபுயா இரயில் நிலையத்தருகே ஒருவர் அவர் கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தார். ஜேக்கப் டிஷேசர் என்பவரின் வரலாறு அது. 1942-இல் ஜப்பான் மீது குண்டு வீசிய அமெரிக்க விமானத்தில் வந்தவர் அவர். பிடிபட்டு 40 மாதம் சிறையிலிருந்தார். சிறையில் வேதாகமம் படித்து, தம்மைத் துன்புறுத்தியவர்களை மன்னித்தார். போருக்குப் பின் போதகராக ஜப்பானுக்கே வந்தார். ஃபுச்சிடா தாமும் ஒரு வேதாகமம் வாங்கிப் படித்தார். சிலுவையில் தொங்கியபடி தம்மைக் கொல்கிறவர்களுக்காக இயேசு வேண்டிய இடத்திற்கு வந்ததும், அந்தப் பெண் செய்ததன் பொருள் அவருக்குப் புரிந்தது.

1950-இல் அவர் டிஷேசரைச் சந்தித்தார். அமெரிக்கர் மீது குண்டு வீசியவரும் ஜப்பானியர் மீது குண்டு வீசியவரும் ஒரே மேடையில் பேசினார்கள். பழைய படைத் தோழர்களில் சிலர் ஃபுச்சிடாவைத் தூற்றினார்கள். அவர் அமெரிக்காவுக்கே சென்று, தம்மால் பிள்ளைகளை இழந்த மக்கள் முன் நின்று பேசினார். பேர்ல் துறைமுகத்தின் மேல் புகையில் சுற்றியதைவிட இதற்கே அதிகத் துணிவு வேண்டும் என்பது என் எண்ணம். 1976 மே 30-ஆம் நாள் தமது 73-ஆம் வயதில் இறந்தார். டிஷேசர் 2008 வரை வாழ்ந்தார்.

இக்கட்டுரையை என் கொள்ளுப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், அந்த மனிதருக்கு ஒடிந்த கால் சரியாகக் கூடிற்றா என்று மட்டும் வினவினார். கூடிற்று பாட்டி என்றேன்.