தெருவில் ஆடிய பொண்ணு, விம்பிள்டன் ராணி ஆன கதை!

பெசன்ட் நகர் பீச்சிலிருந்து வடக்கே கொஞ்சம் நடந்தால் ஊரூர் ஒல்காட் குப்பம். படகுக்கும் வலைக்கும் நடுவில் கிடைக்கும் மணல்தான் அங்கே பசங்களுக்கு கிரவுண்டு. டென்னிஸ்னா கிளப், கோச், வெள்ளை ஷூ எல்லாம் வேணும்னு நினைக்கிறீங்களா? அப்போ ஆல்தியா கிப்சனைப் பத்தி நீங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும்.

1927-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், பருத்தி விளைவிக்கும் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் ஆல்தியா. பிழைப்புக்காகக் குடும்பம் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே, போக்குவரத்தை நிறுத்தி விளையாட்டுக்காக ஒதுக்கிய ஒரு தெருவில், மர மட்டை பிடித்து பேடில் டென்னிஸ் ஆடினார். 12 வயதிலேயே நகர சாம்பியன்!

ஆனா படிப்பில் மனசு ஒட்டலை. பள்ளியைப் பாதியில் விட்டார். அவரோட திறமையைக் கண்ட ஈட்டன், ஜான்சன் என்ற இரண்டு கறுப்பின டாக்டர்கள், படிப்பு, டென்னிஸ் ரெண்டுக்கும் கை கொடுத்தார்கள். விட்ட படிப்பை முடித்து, 22 வயதில் ஸ்காலர்ஷிப்பில் புளோரிடா ஏ அண்ட் எம் கல்லூரியில் சேர்ந்தார் ஆல்தியா. அங்கே டென்னிஸோடு கூடைப்பந்தும் ஆடினார்.

கல்லூரியில் ஸ்டார். வெளியே? அமெரிக்க தேசியப் போட்டியின் கதவு கறுப்பினத்தவருக்கு மூடியே இருந்தது. முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள் ஒரு பத்திரிகையில் இதைக் கண்டித்து எழுதிய பிறகுதான் 1950-ல் அந்தக் கதவு திறந்தது. இரண்டாவது சுற்றிலேயே விம்பிள்டன் சாம்பியன் லூயிஸ் பிரௌவை, கடைசி செட்டில் 7-6 என முந்தினார் ஆல்தியா. அந்த நேரம் பார்த்து இடி, மழை! ஆட்டம் நின்றது. மறுநாள் தோற்றுப்போனார்.

1953-ல் பட்டம் வாங்கி, ஒரு கல்லூரியில் விளையாட்டு ஆசிரியை ஆனார். வருமானம் குறைவு, பெரிய வெற்றியும் இல்லை. டென்னிஸை விட்டுட்டு ராணுவத்தில் சேர்ந்துடலாம்னுகூட யோசித்தார். அப்போ வந்தது அமெரிக்க அரசின் ஆசிய நல்லெண்ணப் பயணம். அந்தப் பயணத்தில் இந்தியாவுக்கும் வந்தார். டெல்லியில் ஏஞ்சலா பக்ஸ்டன் என்ற பிரிட்டிஷ் வீராங்கனையைச் சந்தித்தார். ஒருத்தர் கறுப்பினத்தவர், இன்னொருத்தர் யூதர். கிளப்புகள் ஒதுக்கி வைத்த வலி ரெண்டு பேருக்கும் தெரியும். நட்பு ஒட்டிக்கிச்சு.

1956-ல் பிரெஞ்சு சாம்பியன்ஷிப் ஒற்றையரில் ஜெயித்து, கிராண்ட்ஸ்லாம் வென்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். அதே ஆண்டு ஏஞ்சலாவோடு விம்பிள்டன் இரட்டையர் பட்டமும் வந்தது. 1957, 58 இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன், அமெரிக்கப் பட்டங்கள் அவர் வசம். மொத்தம் 11 கிராண்ட்ஸ்லாம்! நியூயார்க் அவரை ஊர்வலமாக அழைத்துச்சென்று கொண்டாடியது.

ஆனா கையில் காசு இல்லை. அன்றைக்கு விம்பிள்டனில் ஜெயித்தால் கோப்பை உண்டு, பரிசுப் பணம் கிடையாது. அதனால் 1958-லேயே அமெச்சூர் டென்னிஸை விட்டார். பாட்டுப் பாடி ரெக்கார்டு போட்டார், சினிமாவில் நடித்தார், 1964-ல் பெண்கள் தொழில்முறை கோல்ஃபிலும் முதல் கறுப்பினத்தவராக நுழைந்தார். எதுவும் பெரிதாகச் சம்பாதித்துத் தரவில்லை.

1990-களில் நோயோடு, வாடகைக்கும் மருந்துக்கும் வழியின்றித் தனிமையில் இருந்தவர் போன் செய்தது ஏஞ்சலாவுக்குத்தான். அவர் டென்னிஸ் உலகத்திடம் உதவி கேட்க, பல நாடுகளிலிருந்து பணம் வந்து சேர்ந்தது. 2003-ல் 76 வயதில் ஆல்தியா மறைந்தார். 2019-ல் யு.எஸ். ஓப்பன் நடக்கும் வளாகத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

ஆல்தியாவிடம் திறமை சின்ன வயசுலேயே இருந்தது. அதுக்கு ஒரு தெருவும், ரெண்டு டாக்டர்களும், ஒரு கல்லூரி சீட்டும், ஒரு தோழியும் தேவைப்பட்டாங்க. உங்க தெருவில் நல்லா ஆடுற ஒரு பொண்ணு இருந்தா, கைதட்டுறதோட நிறுத்திடாதீங்க. அவளுக்கு ஒரு மட்டையோ, காலேஜ் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு விண்ணப்பிக்க உதவியோ செய்ய முடியுமான்னு பாருங்க!